ஒளி வந்த வழி – 17: மறிச்சுக்கட்டி முத்தும் முப்பது கிலோமீட்டர் கடலும்

சென்ற இதழில் இயற்பியலாளர் ராமனை நார்குண்டா கப்பலின் மேல்தளத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய பயணம் அது. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் குடைந்துகொண்டிருந்தார். அவர் கல்கத்தா போய்ச் சேரட்டும். நமக்கு அதற்குப் பதினைந்து வருஷம் முந்திய இலங்கையின் மன்னார்க் கரையில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே பெருநிலத்தில் அரிப்பு, சிலாவத்துறை, அதற்கும் கீழே மறிச்சுக்கட்டி. பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளில் சிப்பி விளைந்திருக்கிறது என்று அரசு அறிவித்துவிட்டால் போதும், மணலும் முட்செடியும் மட்டுமே கிடந்த கரையில் சில வாரங்களில் ஓர் ஓலை நகரம் எழும்பிவிடும். கீழக்கரையிலிருந்து குளிகாரர், பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியர், காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்கள், பம்பாய் வியாபாரிகள், தண்ணீர் சுமப்பவர், தொழுகைக்காரர், திருடர் என எல்லாரும் வந்து சேருவார்கள். 1906 பெப்ரவரியில் அங்கே வந்து இறங்கிய அரசு அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். இருபத்தைந்து வயது இளைஞர். பிற்காலத்தில் எழுத்தாளர் வர்ஜினியா வூல்ஃபின் கணவராக உலகம் அவரை அறியும். மறிச்சுக்கட்டியில் அவருக்குக் கிடைத்த வேலை, கொட்டு என்ற வேலியடைப்புக்குள் நின்று சிப்பி மூட்டைகளை எண்ணிப் பங்கு பிரிப்பதை மேற்பார்ப்பது. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. உயிரைக் கொடுத்து மூச்சடக்குபவனுக்கு மூன்றில் ஒன்று என்பதை அன்றைக்கு யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அரசின் பங்கை அன்றிரவே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போட்டுவிடுவார்கள். வாங்கியவர் அதை உடைப்பதில்லை. வள்ளத்தில் கொட்டி அழுகவிடுவார். ஈ மொய்த்து, புழு தின்று தீர்த்த பிறகு, கடல்நீர் ஊற்றி அலசி, அடியில் தங்கும் சேற்றைத் துணியில் பரப்பி விரலால் துழாவுவார்கள். அந்த நாற்றம் பல மைல் தூரம் வீசும். இவ்வளவுக்கும் பிறகு கையில் வருவது ஒரு சிறங்கை முத்து.

இனித்தான் நம் கதைக்கு வேண்டிய இடம். முத்தைத் தரம் பிரிக்கச் செட்டியார்களிடம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. பெட்டி என்பார்கள். மொத்தம் பத்து. முதல் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று போய்க் கடைசிப் பெட்டியில் 1,000 துளை. எந்தப் பெட்டியில் தங்குகிறதோ அதுவே முத்தின் அளவு. நிறுக்க மஞ்சாடி இருந்தது. அளவும் எடையும் ஆயிற்று. ஆனால் ஆணி என்றும் களிப்பு என்றும் வடிவு என்றும் தூள் என்றும் பெயர் சூட்டுகிற கட்டம் வந்ததும் எல்லாக் கருவியும் நின்றுவிடும். கிழவர் ஒருவர் முத்தை விரல் நுனியில் உருட்டி, வெளிச்சத்துக்குக் காட்டி, மறுபடி உருட்டி, ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லில் பத்து மடங்கு விலை ஏறும், இறங்கும். அவர் பார்த்தது முத்தையல்ல, முத்தின் மேல் ஒளி நடந்துகொள்ளும் விதத்தை. அது எப்படி நடந்துகொள்கிறது, ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வியை அந்தக் கரையில் யாரும் எழுப்பவில்லை. எழுப்பத் தேவையும் இருக்கவில்லை.

அப்போது மன்னாருக்கு விஞ்ஞானி வரவில்லையா என்றால், வந்தார், பெரிய ஏற்பாட்டோடு வந்தார். 1891க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் பார்களில் குளிப்பே நடக்கவில்லை. கஜானாவுக்கு இது பெரிய அடி. ஆளுநர் வெஸ்ட் ரிஜ்வே லண்டனுக்கு எழுதினார். லிவர்பூலிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902 ஜனவரியில் வந்து இறங்கினார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல். 'லேடி ஹாவ்லொக்' என்ற நீராவிக் கப்பலில் பார் பாராகப் போய் வலை வீசினார்கள், குளிகாரரை இறக்கினார்கள், சிப்பியைக் கீறினார்கள். சேர்ந்த மாதிரிகள் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டன. கடற்பஞ்சு ஆர்தர் டென்டிக்கு, ஒட்டுண்ணி கேம்பிரிட்ஜின் ஆர்தர் ஷிப்லிக்கு என ஒவ்வொரு உயிரினமும் அதனதன் நிபுணரிடம் போயிற்று. 1903 முதல் 1906 வரை ராயல் சொசைட்டி ஐந்து பெரிய தொகுதிகளாக அந்த அறிக்கையை வெளியிட்டது. பல பல்கலைக்கழகங்கள் ஒரு கடலின் மேல் சேர்ந்து வேலை செய்வது என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிடப் பழைய, இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

அறிக்கை இன்று படித்தாலும் சுவையானது. பெரிய பார் என்ற இடத்தைப் பற்றி ஹெர்ட்மன் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரில் குஞ்சுச் சிப்பி கணக்கில்லாமல் பிடிக்கும். பார்த்தவர் அடுத்த சில வருஷத்தில் பெருங்குளிப்பு என்று கனவு காண்பார். ஆனால் பார் ஆழ்கடலின் விளிம்பில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் நீரோட்டம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். 1902 மார்ச்சில் கண்ட கூட்டம் வருஷம் முடிவதற்குள் இல்லாமற்போனதை ஹார்னெல் நேரிலேயே கண்டார். குஞ்சுகளை எடுத்துப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுங்கள், கல்லும் பவளத்துண்டும் கொட்டிப் பற்றுமிடம் கொடுங்கள் என்றது அறிக்கை. முத்து எப்படி உண்டாகிறது என்பதற்கும் விடை சொன்னது: நாடாப்புழுவின் குஞ்சு சிப்பிக்குள் புகுந்து இறந்தால், அதைச் சுற்றிச் சிப்பி பூசும் பூச்சே முத்து. இந்த விடை பின்னால் நிற்கவில்லை.

இதற்கிடையே நல்ல காலம் திரும்பியது. 1903, 1904, 1905 மூன்று வருஷமும் குளிப்பு. 1905இல் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசுக்கு 25 இலட்சம் ரூபாய் சேர்ந்தது. உடனே ஆசை வந்தது. 1906இல் பார்கள் முழுவதையும் ஒரு கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்கு, வருஷம் 3,10,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். விஞ்ஞானம் கையில் இருக்கிறது, இனிச் சிப்பி சொன்ன பேச்சுக் கேட்கும் என்ற நம்பிக்கை. 1907ஆம் வருஷக் குளிப்போடு பார்கள் கைவிரித்தன. சில வருஷத்தில் கம்பெனி கடையைக் கட்டியது. அதன் பிறகு நெடுங்காலத்துக்கு, 1925இல் நடந்த ஒரு குளிப்பு மட்டும்தான். ஹார்னெல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்குப் போய் அங்கே இயக்குநரானார். வரிப்பணத்துக்காகக் கேட்கப்பட்ட கேள்வி வரிப்பணத்தைக் கொண்டுவரவில்லை. கடலுயிர் நூலில் மட்டும் ஐந்து தொகுதி கூடிற்று. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்து தொகுதியைப் புரட்டினாலும் செட்டியார் விரல் நுனியில் பார்த்த அந்த ஒளிக்கு விளக்கம் கிடைக்காது.

அதற்கு நாம் 1814க்குப் போகவேண்டும். எடின்பரோவில் டேவிட் ப்ரூஸ்டர் முத்துச்சிப்பி ஓட்டுத் துண்டு ஒன்றைக் கோணம் அளக்கும் கருவியில் ஒட்டவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒட்டுவதற்குக் குங்கிலியமும் தேன்மெழுகும் கலந்த பசை. வேலை முடிந்து ஓட்டைக் கழற்றினால், பசையின் முகத்தில் ஓட்டின் அதே வண்ணங்கள் மின்னின. ஓட்டுத் தூள் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, கரிய அரக்கிலும் ஈயத்திலும் பிசினிலும் பதித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் வண்ணம் ஏறியது. ஆக, வண்ணம் சாயத்தில் இல்லை. ஓட்டின் மேல் முகத்தில் மிக நுண்ணிய வரிகள் இருக்கின்றன, அந்த வரிகளின் அச்சு எதில் விழுந்தாலும் ஒளி அங்கே நிறம் பிரியும். ஆனால் பதியாத ஒரு வண்ணமும் இருந்தது. அது ஓட்டின் உள்ளேயிருந்து வந்தது. அதை ப்ரூஸ்டரால் முழுதாகப் பிடிக்க முடியவில்லை.

அதைப் பிடித்தவர் நம் திருச்சிராப்பள்ளிக்காரர். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்த ராமன், அடுத்த வருஷம் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார். அகாடமி ஏட்டின் முதல் தொகுதியிலேயே நிறம் காட்டும் கிளிஞ்சல்களைப் பற்றி மூன்று கட்டுரை எழுதினார். நோபெல் பரிசு வாங்கி நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. நோபெல்காரர் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாரே என்று சிலருக்குச் சிரிப்பாக இருந்திருக்கலாம்.

சிப்பியின் உட்புறப் பளபளப்பு முழுவதும் அடுக்கு. சுண்ணாம்புக் கனிமமான அரகோனைட் தகடுகள், இடையிடையே மெல்லிய புரதப் பூச்சு. ஒரு தகட்டின் தடிப்பு அரை மைக்ரானுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்துக்கு மேல் அடங்கும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்று என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. திரும்பியவை ஒன்றோடொன்று சேரும்போது ஒரு நிறம் பெருகுகிறது, மற்றவை அழிகின்றன. மேல் முகத்தில் அடுக்குகளின் ஓரங்கள் வரிவரியாக வெளிப்படுவதால் ப்ரூஸ்டரின் பதியும் வண்ணம் கிடைக்கிறது. உள்ளடுக்கு தருவது பதியாத வண்ணம். இரண்டும் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பதை ராமன் காட்டினார்.

இருபது வருஷம் கழித்து, 1954இல், ராமன் ஆய்வுக் கழகத்தில் டி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து முத்துக்கே வந்தார். இருட்டறை. மெல்லிய ஒளிக்கற்றை ஒன்று முத்தின் ஒரு புள்ளியில் மட்டும் விழுகிறது. விழுந்த புள்ளி பளீரென்று இருக்க, அதைச் சுற்றி நிறமுள்ள ஒளிவட்டம் ஒன்று விரிகிறது. முத்துக்குள் போன ஒளி அடுக்கு அடுக்காகப் பரவி வெளியே கசிவதால் வருவது இந்த வட்டம். மறிச்சுக்கட்டிக் கிழவர் உருட்டி உருட்டித் தேடியதற்கு இங்கேதான் முதன்முதலாகச் சரியான இயற்பியல் கிடைத்தது. மன்னாரில் அதற்கு முந்திய ஏறக்குறைய முப்பது வருஷமாகக் குளிப்பே இல்லை என்பது கதையின் கசப்பு.

இவ்வளவு நேரமும் ஒளியை அலையாகவே பேசிவிட்டோம். இந்தத் தொடரின் முக்கால்வாசி ஃபோட்டான் என்ற ஒளித்துகளைப் பற்றியது. அந்தக் கணக்கையும் தீர்ப்போம். 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் சத்யேந்திர நாத் போஸ் ஒளியைத் துகள்களாக எண்ணும் புதுக் கணக்கு ஒன்றைப் போட்டு ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியதை எட்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி இருக்கலாம் என்ற எண்ணம் அந்தக் கணக்கிலேயே ஒளிந்திருந்தது. 1931இல் ராமனும் எஸ். பகவந்தமும் சிதறிய ஒளியின் முனைவாக்கத்தை அளந்து, சுழற்சி இருக்கிறது, இரண்டே நிலைகளில் இருக்கிறது என்று வெளியிட்டார்கள். இடஞ்சுழி, வலஞ்சுழி. இன்றைய குவாண்டம் மொழியில் சொன்னால் பூச்சியம், ஒன்று. கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் படித்து, மின்னூட்டமுள்ள துகள் ஒளி வீசும்போது அதன் மேல் திரும்பி விழும் விசையைப் பற்றி 1940களில் எழுதிய சி. ஜே. எலியேசர் இலங்கைத் தமிழர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். மன்னாருக்கு ஆகப் பக்கத்தில் குவாண்டம் வந்தது அவரால்தான் என்று சொல்லலாம்.

சிப்பியின் அடுக்குக்கும் இந்தத் துகளுக்கும் சம்பந்தம் எங்கே? 1987இல் அமெரிக்காவில் எலி யாப்லோனோவிச்சும், கேரளத்தில் பிறந்த சஜீவ் ஜானும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒளியின் அலைநீள அளவுக்கு ஒரு பொருளை ஒழுங்காக அடுக்கிக் கட்டினால், ஒளி போகக்கூடாத பாதைகளை நாமே வகுக்கலாம். ஃபோட்டானிக் படிகம் என்ற துறை அதிலிருந்து பிறந்தது. அதன் ஆக எளிய வடிவம் இரண்டு பொருளை மாற்றி மாற்றி அடுக்குவது, சிப்பி காலம் காலமாகச் செய்துவரும் அதே வேலை. 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், குறைகடத்தி அடுக்குகளால் ஆன மைக்ரான் அளவுத் தூண் ஒன்றின் நடுவே ஒரு குவாண்டம் புள்ளியைச் சிறைவைத்து, ஒன்றுபோலவே இருக்கும் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக வெளியே விட்டார்கள். தூணின் மேலும் கீழும் இருக்கும் அடுக்குகள் இல்லாவிட்டால் ஃபோட்டான் எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. அடுக்கு அதை ஒரு வழிப்படுத்துகிறது.

ஒற்றை ஃபோட்டானால் ஆவதென்ன? இரகசியச் சாவி அனுப்பலாம். 1984இல் பென்னெட், ப்ராஸார்ட் இருவரும் சொன்ன முறை: சாவியின் ஒவ்வொரு எண்ணையும் ஒரு ஃபோட்டானின் முனைவாக்கத்தில் ஏற்றி அனுப்பு. நடுவில் எவனாவது தொட்டால் நிலை கலைந்துவிடும், திருட்டு வெளிப்படும். ஒரு ஃபோட்டானின் நிலையைப் பிரதி எடுக்கவும் முடியாது. இதில் வசதியும் அதுவே, தொல்லையும் அதுவே. சாதாரணக் கடலடிக் கேபிளில் ஒளி மங்கினால் நடுவில் பெருக்கி வைத்துத் தூக்கிவிடுவார்கள். இங்கே பெருக்குவது பிரதி எடுப்பதற்குச் சமம் என்பதால் பெருக்கி வைக்க முடியாது. போய்ச் சேர்ந்தது சேர்ந்ததுதான்.

இந்த இடத்தில்தான் மன்னார் மறுபடி வருகிறது. நல்ல ஃபைபரில் 15 கிலோமீட்டர் போவதற்குள் பாதி ஒளி போய்விடும். 2006இல் போடப்பட்ட பாரத் – லங்கா கேபிள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தெற்கே கல்கிசை வரை, ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அதில் பெருக்கி இல்லாமல் ஒற்றை ஃபோட்டானாக அனுப்பினால் 25 இலட்சத்தில் ஒன்று கரை சேரும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். அங்கே நாலில் ஒன்று கரை சேரும். கணக்கு இவ்வளவுதான். இலங்கையையும் இந்தியாவையும் முதலில் இணைத்த தந்தி கேபிள் இந்தக் குறுங்கடலில்தான் கிடந்தது. 1914இல் தொடங்கிய ரயில்–கப்பல் பாதையும் இதே வழிதான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடியது, 1984இல் நின்றது.

இந்தியப் பக்கம் வேலை நடக்கிறது. 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இஸ்ரோ 300 மீட்டர் வெட்டவெளியில் ஒளிச்சாவி அனுப்பிக் காட்டியது. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதன் கீழ் பல நிறுவனங்கள் கூடிச் செய்யும் நான்கு மையங்களில், குவாண்டம் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐஐடியில், சி-டாட் நிறுவனத்துடன் சேர்ந்து அமைந்திருக்கிறது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி ஓர் இரவுப் பயணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 முதல் இருக்கிறது. மன்னாருக்கு இன்னும் பக்கத்திலுள்ள வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது.

கடலும் தீவும் குறுக்கே இருப்பதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தடையாகப் பார்க்கவில்லை. 2007இல் வியன்னா ஆய்வாளர்கள் கனேரித் தீவுகளில் லா பால்மாவுக்கும் டெனரீஃபுக்கும் இடையே 144 கிலோமீட்டர் வெட்டவெளியில், இணைபிரியா ஃபோட்டான் இரட்டையரில் ஒன்றை அனுப்பிப் பிடித்தார்கள். பிறகு வியன்னாவும் மால்டா பல்கலைக்கழகமும் மற்றவர்களும் கூடி, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே ஏற்கெனவே கிடந்த கடலடி ஃபைபரிலேயே அதைச் செய்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரு சிறு தீவு நாடு, ஒரு பெரிய அயல்நாட்டின் கரை, நடுவில் கடல். சிறிய பக்கத்துப் பல்கலைக்கழகம் கட்டுரையில் பெயரோடு நிற்கிறது, மாதிரி சேகரித்துக் கொடுத்த இடமாக அல்ல.

ஹெர்ட்மன் வந்தபோது மன்னாரிலிருந்து போனது சிப்பி, திரும்பி வந்தது அறிக்கை. ஆய்வுக்கூடம் வரவேயில்லை. இந்தமுறை யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இயற்பியல் படிப்பிக்கிறவர்கள் அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. சென்னைக்கு அவர்களே எழுதவேண்டும். எழுதும்போது இரண்டு எண்களைச் சேர்த்து எழுதட்டும்: மால்டா – சிசிலி ஃபைபர் 96 கிலோமீட்டர், தலைமன்னார் – தனுஷ்கோடி 30.

(தொடரும்)